பழைய கம்ப்யூட்டரா? அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்!

முதன் முதலாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்கும் எல்லாருக்கும் புத்தம் புதிய கம்ப்யூட்டர் கிடைத்து விடுவதில்லை. அண்ணன் வேலைக்குப் போய்ப் புது லேப்டாப் வாங்கியதும், பழையது தம்பிக்கு வருகிறது. அலுவலகங்கள் கழித்து விடும் கம்ப்யூட்டர்கள், செகண்ட் ஹேண்ட் கடைகள் வழியாக வீடுகளுக்கு வருகின்றன. பள்ளியில் தந்த இலவச லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்துப் பயன்படுத்தும் குடும்பங்களும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரும் இப்படி வந்தது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இன்டர்நெட் இணைப்பு கொடுத்த சில நாட்களிலேயே, அப்டேட் பைல்கள் தயாராக உள்ளன, ரீஸ்டார்ட் செய்திடவா என்று திரையில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டனும் அருகிலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத்தான் அழுத்துகிறோம். போதாக் குறைக்கு, "பழைய மெஷின் சார், அப்டேட் போட்டால் ஸ்லோ ஆகி விடும், ஆப் செய்து விடுங்கள்" என்று யாராவது அறிவுரையும் சொல்லியிருப்பார்கள். இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி ஆபத்தானது. இரண்டையும் பார்ப்போம்.

எல்லா அப்டேட்டும் ஒன்றல்ல

விண்டோஸ் சிஸ்டத்திற்கு வரும் அப்டேட் பைல்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பாதுகாப்பு அப்டேட். புரோகிராமில் கண்டறியப்பட்ட ஓட்டையை அடைப்பதற்காக வருவது. இதைத்தான் "கிரிட்டிகல்", "செக்யூரிட்டி" என்று குறிப்பிடுவார்கள். இரண்டாவது, புதிய வசதிகளைத் தரும் அப்டேட். மூன்றாவது, பிரிண்டர், கிராபிக்ஸ் கார்ட் போன்றவற்றுக்கான டிரைவர் பைல்களும் "ஆப்ஷனல்" என்று வரும் மற்றவையும்.

பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நிதானமாக யோசித்துச் செய்யலாம். நன்றாக ஓடும் பிரிண்டருக்குப் புது டிரைவர் தேவையில்லை. ஆனால் முதல் வகையை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. ஏன்?

ஓட்டையை அடைத்த நாள்தான் ஆபத்து கூடும் நாள்

புரோகிராம் எழுதும் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம் இது. ஒரு பாதுகாப்பு அப்டேட் வெளியானதும் அதை டவுண்லோட் செய்பவர்களில் நல்லவர்களும் உண்டு, கெட்டவர்களும் உண்டு. பழைய பைலையும் திருத்திய புதிய பைலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் மாற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்து விடும். அந்த இடம்தான் ஓட்டை. அதாவது, அதுவரை ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஓட்டை, அன்று முதல் ஊருக்கெல்லாம் தெரிந்து விடுகிறது. அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். செய்யாதவர்களின் கம்ப்யூட்டர், முன்பு இருந்ததை விட அதிக ஆபத்தில் சிக்குகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

2003 ஜூலை 16 அன்று, விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் பேட்ச் பைல் வெளியிட்டது. சரியாக 26 நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, அதே ஓட்டை வழியாக "பிளாஸ்டர்" என்ற வைரஸ் (துல்லியமாகச் சொன்னால் வோர்ம்) உலகெங்கும் பரவியது. இமெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். பேட்ச் போடாத, பயர்வால் பாதுகாப்பும் இல்லாத கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இணைந்திருந்தாலே போதும். "60 விநாடிகளில் சிஸ்டம் ஷட் டவுன் ஆகும்" என்ற செய்தி வந்து கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பேட்ச் பைலை டவுண்லோட் செய்து முடிப்பதற்குள் மறுபடி ரீஸ்டார்ட். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகப் பலர் தவித்தார்கள்.

அடுத்தது 2017. மார்ச் 14 அன்று பாதுகாப்பு அப்டேட் வந்தது. 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று "வான்னாக்ரை" தாக்கியது. கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்கள், டாகுமெண்ட்கள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துக் கொண்டு, திறக்க வேண்டும் என்றால் 300 டாலர் பிட்காயினில் கட்டு என்று கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கான அப்டேட் மார்ச் மாதமே வந்து விட்டது. மருந்து இல்லாததால் அவை பாதிக்கப்படவில்லை. மருந்து வாசலில் காத்திருந்தது, உள்ளே எடுத்துக் கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

"என் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?"

புதியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. வான்னாக்ரை யாரையும் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டை திறந்திருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நுழைந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் பிறந்த நாள் போட்டோக்கள், ஸ்கேன் செய்து வைத்த ஆதார், பத்திரங்கள், சர்டிபிகேட்கள், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட், கரண்ட் பில் கட்டிய பேங்க் விவரம். திருடனுக்கு இவை சில ரூபாய் பெறலாம். உங்களுக்கு இவற்றின் விலை வேறு. எதுவும் இல்லாத கம்ப்யூட்டர் என்றாலும், அதைக் கைப்பற்றி அடுத்தவர்களுக்கு ஸ்பேம் மெயில் அனுப்பப் பயன்படுத்துவார்கள்.

சரி, இனி வேலையைத் தொடங்குவோம். கீழே உள்ளவை விண்டோஸ் 10க்கான வழிகள். விண்டோஸ் 11லும் பெரும்பாலும் இதே பெயர்கள்தான். மெனு இருக்கும் இடம் மட்டும் சற்று மாறும். வரிசையை மாற்றாமல் செய்திடவும்.

1. எந்த விண்டோஸ் என்று பாருங்கள்

ஸ்டார்ட் அழுத்தி செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் எனச் செல்லவும். கீழே விண்டோஸ் எடிஷன், வெர்ஷன் ஆகியவை காட்டப்படும். விண்டோஸ் 10 என்றால், வெர்ஷன் 22எச்2 என்று இருக்க வேண்டும். அதுதான் கடைசியாக வந்த வெர்ஷன். பழைய எண் இருந்தால், முதலில் 22எச்2க்கு மாற வேண்டும். விண்டோஸ் அப்டேட் அதனைத் தானாகவே காட்டும்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் ஒன்றையும் சோதிக்கவும். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் எனச் சென்று, விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா எனப் பாருங்கள். சில இடங்களில் திருட்டு விண்டோஸ் பதிந்து, அது வெளியே தெரியாமல் இருக்க அப்டேட்டையே நிறுத்தி விற்று விடுகிறார்கள். அப்டேட் பக்கத்தில், சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் வரி இருந்தால், முன்பு யாரோ அதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அலுவலகத்தில் இருந்து வந்த கம்ப்யூட்டரிலும் இது இருக்கலாம். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸைப் புதிதாகப் பதிந்து கொள்வதே நல்லது. அந்தக் கம்ப்யூட்டரில் அதே விண்டோஸ் முன்பு ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருந்தால், பொதுவாக இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகி விடும்.

2. தேதி சரியா?

சின்ன விஷயம். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் அப்டேட் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் இது 2032 என்ற எண்ணுடன் வரும் 3 வோல்ட் பேட்டரி. பல ஆண்டுகள் ஆனதும் இது தீர்ந்து விடும். பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டாலே தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் விடும். தேதி தவறாக இருந்தால், பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொள்ளும். பேங்க் தளமும் திறக்காது, அப்டேட்டும் நடக்காது. தேதியைச் சரி செய்தும் மறுநாள் மாறி விடுகிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். விலை அதிகம் இல்லை. லேப்டாப் என்றால் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவது நல்லது.

3. பேக்கப் எடுக்காமல் தொடங்க வேண்டாம்

பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அப்டேட் என்பது கடுமையான வேலை. ஆயிரக்கணக்கான பைல்களை எழுத வேண்டியிருக்கும். ஏற்கனவே தள்ளாடிக் கொண்டிருக்கும் டிஸ்க், அந்த நேரத்தில் படுத்து விடலாம். எனவே டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகிய மூன்று போல்டர்களையாவது பென் டிரைவிலோ எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிலோ காப்பி செய்திடவும். காப்பி முடிந்ததும் நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு டிரைவைக் கழற்றி அலமாரியில் வைத்து விடுங்கள். செருகியபடியே இருக்கும் டிரைவில் உள்ள பைல்களையும் வான்னாக்ரை போன்றவை பூட்டி விடும் என்பதை மறக்க வேண்டாம்.

4. இடம் இருக்கிறதா?

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதியாக வேலை நடக்கும். இல்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் எனச் செல்லவும். தேவையற்ற பைல்களின் பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் டவுண்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதில் டிக் அடையாளம் இருந்தால் எடுத்து விடவும். நீங்கள் இறக்கி வைத்த முக்கியமான பைல்கள் அதில்தான் இருக்கும். பிறகு ரிமூவ் பைல்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும்.

5. கரண்ட், இன்டர்நெட் இரண்டையும் பாருங்கள்

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இருப்பது நல்லது. இல்லாதவர்கள், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளையும் மழை நாளையும் தவிர்க்கவும். லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்த பின்னரே தொடங்கவும். பழைய லேப்டாப்பின் பேட்டரி காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

மொபைல் போன் ஹாட்ஸ்பாட் மூலம் இன்டர்நெட் பயன்படுத்துபவர்கள், ஒரு மாத அப்டேட்டே பல நூறு எம்பி வரலாம் என்பதை நினைவில் கொள்ளவும். ஒரு நாள் டேட்டா அத்தனையும் தீர்ந்து விடலாம். வை-பை பிராபர்ட்டீஸ் பகுதியில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்று அமைத்து விட்டால், பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. ஆனால் பிறகு நீங்களே நினைவு வைத்து இறக்க வேண்டும். வீட்டில் பிராட்பேண்ட் உள்ள உறவினர், நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துச் சென்று முடிப்பதும் நல்ல வழிதான்.

6. இன்ஸ்டால் செய்யுங்கள்

செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் எனச் சென்று "செக் பார் அப்டேட்ஸ்" பட்டனைக் கிளிக் செய்திடவும். இனி பொறுமைதான் தேவை. பழைய கம்ப்யூட்டரில் நீலத் திரையில் 30 சதவீதத்திலேயே ஒரு மணி நேரம் நிற்கலாம். ஹார்ட் டிஸ்க் லைட் மின்னிக் கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பவர் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். கரண்ட் நம்பகமாக உள்ள வீடு என்றால், இரவு சாப்பாட்டுக்கு முன் தொடங்கி விட்டுத் தூங்கப் போகலாம்.

இறுதியில் ரீஸ்டார்ட் கேட்கும். கவனிக்கவும், ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது ரீஸ்டார்ட்டுக்குச் சமம் அல்ல. பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி காரணமாக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. எனவே ரீஸ்டார்ட்டையே தேர்ந்தெடுக்கவும்.

7. மறுபடி ஒரு முறை

நீண்ட நாள் தூங்கிய கம்ப்யூட்டரில், ஒரே சுற்றில் எல்லாம் முடியாது. ரீஸ்டார்ட் ஆனதும் மீண்டும் செக் பார் அப்டேட்ஸ் கிளிக் செய்திடவும். எல்லாம் சரியாக உள்ளது என்ற பச்சை டிக் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யவும். "வியூ அப்டேட் ஹிஸ்டரி"யில் எவை பதியப்பட்டன, எவை தோற்றன என்ற பட்டியல் கிடைக்கும்.

பிறகு பிரவுசரையும் அப்டேட் செய்யுங்கள். குரோம் என்றால், மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து ஹெல்ப், அபவுட் எனச் சென்றாலே தானாக அப்டேட் ஆகும். இன்டர்நெட்டுக்கு நீங்கள் போகும் வாசல் பிரவுசர்தான். ஜன்னலை அடைத்து விட்டு வாசலைத் திறந்து வைக்கக் கூடாது அல்லவா?

ஸ்லோ ஆகுமா? கெட்டுப் போகுமா?

முதலில் சொன்ன பாதி உண்மைக்கு வருவோம். அப்டேட் நடக்கும்போதும், அதற்கடுத்த ஓரிரு நாட்களும் பழைய கம்ப்யூட்டர் திணறும். பின்னணியில் பைல்களைச் சோதித்து ஒழுங்குபடுத்தும் வேலை நடப்பதே காரணம். பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்து விடும். அதன் பிறகும் மெதுவாகவே இருந்தால், குறை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலும் குறைவான ராமிலும் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால், பழைய கம்ப்யூட்டரும் சுறுசுறுப்பாகி விடும்.

அப்டேட்டால் கோளாறு வருவதும் உண்டு, மறுக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையுடன் நின்று போயின. விமானங்கள் ரத்தாயின. ஆனால் அவை பெரும்பாலும் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள். அந்தச் சாப்ட்வேரை நம் வீடுகளில் பயன்படுத்துவதில்லை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தில் உள்ள "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" மூலம் பெரும்பாலானவற்றை நீக்கலாம். பயம் அதிகம் என்றால், பாஸ் அப்டேட்ஸ் பட்டன் மூலம் 7 நாட்கள் தள்ளி வைத்து, பிறருக்கு எதுவும் ஆகவில்லை என்று தெரிந்த பின் பதியலாம். ஒரு வாரம் பொறுப்பது வேறு. ஆறு மாதம் மறப்பது வேறு.

அப்டேட்டே வராத கம்ப்யூட்டர்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஆகிய நாட்களோடு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்து போனது.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்காக, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. 22எச்2 வெர்ஷனும் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டும் தேவை. கம்ப்யூட்டர் செட்டிங்குகளை அந்த அக்கவுண்ட்டுடன் இணைத்து பேக்கப் செய்ய ஒப்புக் கொண்டால் இலவசம். அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் தரலாம். அல்லது 30 டாலர் கட்டலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான இணைப்பு தரப்பட்டது. டிபெண்டர் ஆன்டி வைரஸுக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் அறிவித்துள்ளனர். ஆனால் அது காவலாளி மட்டுமே. சுவரில் உள்ள ஓட்டையை அது அடைக்காது.

விண்டோஸ் 11க்கு மாறலாமா? அதற்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டி.பி.எம். 2.0 சிப் ஆகியவற்றுடன், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதன் பின் வந்த பிராசசர் வேண்டும். மைக்ரோசாப்ட் தரும் "பிசி ஹெல்த் செக்" என்ற இலவச புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரைச் சோதித்துச் சொல்லி விடும்.

முடியாது என்று சொல்லி விட்டால், கம்ப்யூட்டரைப் பரணில் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டங்கள் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்; அவற்றுக்கு அப்டேட்டும் தொடர்ந்து வருகிறது. பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். எதுவும் வேண்டாம், பழைய விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள், இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து விட்டு டைப்பிங் பழகவும் பாட்டு கேட்கவும் பயன்படுத்தலாம். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யவே கூடாது.

போலி அப்டேட் ஜாக்கிரதை

இணையதளம் ஒன்றைப் பார்க்கும்போது "உங்கள் பிளாஷ் பிளேயர் பழையது, அப்டேட் செய்யவும்" என்று வந்தால் நம்ப வேண்டாம். பிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தி விட்டது. அதற்கு அப்டேட் என்பதே இல்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்" என்று மிரட்டும் பக்கங்களும் இதே ரகம்தான். விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸ் பக்கத்தில் கிடைக்கும், பிரவுசர் அப்டேட் பிரவுசரின் மெனுவில் கிடைக்கும். இணையதளம் திடீரென நீட்டும் அப்டேட்டைத் தொடவே வேண்டாம்.

மைக்ரோசாப்ட் 2003 அக்டோபரில் இருந்து, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் பைல்களை வெளியிட்டு வருகிறது. அது நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை மணிக்கு மேல்தான். எனவே அதற்கு மறுநாளான புதன்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பேக்கப் பென் டிரைவைப் புதுப்பிக்கவும் அதே நாளை வைத்துக் கொள்ளலாம். மாதம் ஒரு மாலைப் பொழுது போதும், பழைய கம்ப்யூட்டரும் பாதுகாப்பாக ஓடும்.